மீன்தொட்டிக்கு மெஷின் வேண்டாம், இளங்கோ

இளங்கோ, நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மீன்தொட்டியின் ஓரத்தில் மாட்டுகிற அந்த வெள்ளை மெஷின் தண்ணீரை நுரையாக்கி அழுக்கைத் தனியே பிரித்துவிடுமாம், பாசியே பிடிக்காதாம், உன் கல்யாணத்துக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடுமாம். விலையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். சென்னையிலிருந்து அது இன்னும் கிளம்பவில்லை என்றால் நிறுத்திவிடு, கண்ணு. கோபத்தில் சொல்லவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு நம் வீட்டு ஹாலில் நடந்ததெல்லாம் உனக்கு முழுதாகத் தெரியாது. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு நீ பார்த்தது வீடியோ காலில் தெரிந்த பச்சைக் கண்ணாடியை மட்டும்தான். அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் நாங்கள் ஸ்பீக்கரில்தான் போடுகிறோம். அப்பா பக்கத்திலேயே இருப்பார். வாதம் அடித்தது அவருடைய வலது கையையும் பேச்சையும்தான். புத்தி அப்படியே இருக்கிறது, காதும் நன்றாகக் கேட்கிறது. தன்னைப் பற்றித் தன் எதிரிலேயே அடுத்தவர் பேசினால் அவர் முகம் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும். உன்னோடு தனியாகப் பேச மாடிக்கு ஏறினாலும் அவருக்குப் புரிந்துவிடும். அதனால் அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நாலு நாளாக எழுதியதால் முன்னுக்குப் பின் இருக்கும், பொறுத்துக்கொள்.

சேதராப்பட்டு கம்பெனியில் வேலை கிடைத்த புதிதில் இந்தத் தொட்டியை நீ வாங்கி வந்த அன்று அப்பா என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "சைக்கிள்ல போனா கடல் வந்துடும், நீ இன்னாத்துக்குடா ஹால்ல ஒரு கடல கட்டி வெக்கிற?" என்றார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தான் ஓட்டும் ஸ்கூல் வேனில் கேன்களை ஏற்றிக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போய், கூட்டாளி ஏழுமலையிடம் சொல்லி, படகில் கரையைவிட்டுத் தள்ளிப் போய் மொண்டு வரும் தண்ணீராக வாங்கி வந்ததும் அவர்தான். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையெல்லாம் கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது என்று உன்னோடு ஒரு மணி நேரம் வாதாடினார். மில்லில் இருபது வருஷம் பம்ப் பிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தக் கைக்கு மறுபடியும் தண்ணீரும் பைப்பும் கிடைத்ததில் எவ்வளவு சந்தோஷம் என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நீ மஸ்கட் போன பிறகு தொட்டியை மொத்தமாக அவரே பார்த்துக்கொண்டார். எனக்கு அதில் எந்த வேலையும் இருந்ததில்லை.

பிறகுதான் அந்தக் காலை. வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் பைப்பைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், லீவு போட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாய். நீ திரும்பிப் போன பிறகு இருந்த நாட்களைத்தான் நீ பார்க்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் வருகிறாள் அல்லவா, அவள் "தண்ணி சொல்லுங்கப்பா, சோறு சொல்லுங்கப்பா" என்று படம் காட்டுவாள். அப்பா வாயைத் திறக்கவே மாட்டார். டிவி போட்டால் ரிமோட்டைத் தேடி அணைப்பார். வருகிறவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிக் கை காட்டுவார். அந்தச் சுவரில்தான் உன் தொட்டி இருக்கிறது. அதை மட்டும் பார்ப்பார். அந்த ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டும் கல்லைச் சுற்றிவந்தால் அவர் கண்ணும் சுற்றிவரும். நீல மீன் மேலே ஏறினால் இவருடைய முகவாயும் லேசாக உயரும். அதைப் பார்த்துத்தான் எனக்கு அன்றன்றைக்குச் சோறு இறங்கியது.

எனக்கு மட்டும் இல்லை, வருகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பேச முடியாத மனிதர் முன்னால் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. "நல்லாயிடும்ங்க" என்பார்கள். அப்புறம் தொட்டியைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருக்கும் தீனி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போடுவார்கள். மீன்கள் பாய்ந்து வரும், அப்பா கண் ஓடும், போட்டவர்களுக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதி. நெல்லித்தோப்பிலிருந்து உன் கலா சித்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள், அவள் பங்கு ஒரு கை. வேனில் போன பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள், அவர்கள் பங்கு. பக்கத்து வீட்டார் பங்கு. காலையில் எழுந்ததும் அவர் முகத்தில் அந்த அசைவைப் பார்க்க வேண்டும் என்று நானும் போட்டேன், படுக்கும் முன்பும் போட்டேன்.

முதலில் மணலில் பழுப்பாகத் தூசு மாதிரி படிந்தது. பிறகு கண்ணாடியில் பச்சை. அதன் பிறகு கல்லெல்லாம் முடி முளைத்தது மாதிரி நீள நீளமாகப் பாசி. மீன்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் போனது. ஒரு நாள் காலையில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன், அவர் முகத்தைத் தொட்டியிலிருந்தும் திருப்பிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்ன எதற்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

அப்புறம் நான் செய்ததெல்லாம் அவசரத்தில் செய்ததுதான். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் கண்ணாடியைத் தேய்த்தேன், பாசியும் போனது, கண்ணாடியும் கீறிப்போனது. இடது பக்க மூலையில் இப்போதும் அந்தக் கீறல் இருக்கிறது. அடுத்த வாரமே பாசி திரும்ப வந்தது. வளர்ப்பு மீன் கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் நீ அனுப்பிய மாதிரியே ஒரு மெஷினைக் காட்டினார். "இது நல்ல சாமான்தான்மா, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க தொட்டிய இது இல்லாமயும் ஓட்டலாம்" என்றார். அந்த விலை நம்மால் ஆகாது என்றதும் பாசியைக் கொல்லும் மருந்து ஒரு புட்டி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். நான் கொஞ்சத்தோடு நிறுத்தவில்லை. பாசி மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து அழுகி, தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி ஆகிவிட்டது. நீல மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அதை நான் எடுப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதேன்.

உடனே ஏழுமலைக்குப் போன் செய்தேன். மீன்பாடி வண்டியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, பாதித் தண்ணீரை மாற்றி, மிச்ச இரண்டு மீனையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது "அண்ணி, எனக்குக் கடல் மீனுதான் தெரியும், கண்ணாடி மீனு தெரியாது. அண்ணனக் கேளுங்க" என்றார். பேச முடியாதவரை என்னவென்று கேட்பது என்று அப்போது எனக்குத் தோன்றியது. உண்மையில் அதுவரை நான் அவரை எதுவுமே கேட்டிருக்கவில்லை, இளங்கோ. சாப்பிடுகிறீர்களா என்று கேட்பேன், பதிலுக்கு முன்னால் ஊட்டிவிடுவேன்.

அந்த வாரம் வெயில். தொட்டித் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கியிருந்தது. எப்போதும்போலக் குழாய்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து ஊற்றப் போனேன். அப்பா எட்டி என் மணிக்கட்டை இடது கையால் பிடித்தார். எப்படிப் பிடித்தார் என்கிறாய், வளையல் அழுந்திவிட்டது. தலையை ஆட்டினார். சொம்பைக் காட்டித் தலையை ஆட்டினார், பிறகு சமையலறை வாசலில் இருந்த குடிதண்ணீர்க் கேனைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. "கேன் தண்ணிதான் ஊத்தணுமா?" என்றேன். கண்ணை மூடித் திறந்தார். ஆமாம். "இந்தத் தண்ணில பாசி வருதா?" மறுபடியும் கண்ணை மூடித் திறந்தார். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "வேற இன்னா பண்றேன் நானு, சொல்லுங்க" என்றேன். அவர் தொட்டிப் பக்கம் கையை நீட்டி, தீனி டப்பாவை எடுத்து, தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை மாதமாக அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் ஒவ்வொருவராக வந்து தீனியைக் கொட்டுவதையும், தின்னாத தீனி அடியில் போய் அழுகுவதையும், அந்த அழுக்கைத் தின்று பாசி வளர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தனை பேரும் அவருக்காகத்தான் போட்டோம். நிறுத்தச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது மீன் தெரியாததால் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

டப்பா அன்றிலிருந்து அவரிடம்தான். காலையில் ஒரே ஒரு சிட்டிகை, அவர் கையால். வந்தவர்கள் கேட்டால் சில நாள் கொடுப்பார், பெரும்பாலும் தலையை ஆட்டிவிடுவார். கலாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் இவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து டப்பாவை உருவி எடுத்து, "பாவம் மாமா, எலும்பா தெரியுது மீனு" என்று ஒரு கை அள்ளினாள். அப்பா கண்ணைத் திறந்தார். முகம் சிவந்தது, உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. "போ... போ..." என்றார். கலா பயந்துபோய், "என்னப் போவச் சொல்றாரு அக்கா" என்று டப்பாவை வைத்துவிட்டு எழுந்தாள். "போதும்!" என்றார்.

தெருவுக்கே கேட்டிருக்கும். கலா அப்படியே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம், அப்பா எங்களைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னதும் அவள் படங்களை மூடி வைத்துவிட்டாள். வார்த்தைகளெல்லாம் அவருக்குள்ளேயே இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைத்திருக்கிறது, அவருக்கு அவசரமாகத் தேவைப்படுகிற வார்த்தை முட்டி மோதி வந்துவிடும் என்றாள். "நீங்க நடுவுல எடுத்துக் குடுக்காதீங்கம்மா, கஷ்டமா இருந்தாலும் காத்துக்கிட்டு இருங்க" என்றாள். அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

இனி நாங்களே செய்த பில்டர் கதை. கல்யாணம் முடிந்து மஸ்கட்டில் பிரியாவும் நீயும் வீடு பார்த்ததும் ஒரு தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னாய், அதனால் இதைக் கவனமாகப் படி. தீனியைக் குறைத்தாலும் கல்லில் பிடித்த பாசி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. மொபைலில் தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. பாசி தொட்டிக்குள் வளர்வதற்குப் பதிலாக, வெளியே அதற்கென்று ஓர் இடம் அமைத்து அங்கே வளர விடுவது. தண்ணீரை மேலே ஏற்றி, சொரசொரப்பான பிளாஸ்டிக் வலைமேல் மெல்லிய படலமாக வழிய விட வேண்டும். வலைக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தால் பாசி அங்கே தடித்து வளரும், தண்ணீரில் இருக்கிற சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை வலையை எடுத்துச் சுரண்டிக் கழுவிவிட்டால் அந்த அழுக்கு வீட்டை விட்டே போய்விடும். அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். மறுபடி போடு என்று விரலால் தட்டினார். அப்புறம் மறுபடியும். பிறகு பரண்மேல் இருக்கும் தன் டூல் பெட்டியைக் காட்டினார்.

வலை, பூவேலைச் சாமான் கடையில் கிடைத்தது. அரிசி கொட்டிவைக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. செடிக்குப் போடுகிற எல்.இ.டி. விளக்கு ஒன்று. ஒரு துண்டு பிவிசி பைப். பம்ப் மட்டும் புதிதாக, கொஞ்சம் நல்லதாக வாங்கினேன், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே, இராப்பகலாக ஓட வேண்டியது அதுதான். வலையை மேஜைமேல் விரித்து, ஆக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்கினேன். வலை நகராமல் இருக்க அப்பா தன் வலது கையை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார். பைப்பில் நீளமாக ஒரு கோடு அறுத்து அதில் வலையைச் செருக வேண்டும். நான் அறுத்து முடித்துத் தண்ணீர் விட்டால் ஒரு பக்கமே வழிகிறது. அப்பா உற்றுப் பார்த்தார். பேச வாயைக் கூட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். "கோ... ணை" என்றார். கோணையாக அறுத்திருக்கிறேனாம். பெண்டாட்டிக்குக் கிடைத்த முதல் வார்த்தை இது! அன்று சாயந்திரம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன். இரண்டாவது பைப்பில் சரியாக வந்தது.

உடனே பலன் தெரியும் என்று நினைக்காதே. முதலில் வலையில் ஒன்றுமே வராது. பிறகு பழுப்பாக வழவழவென்று வரும், அதற்கப்புறம்தான் பச்சை. வலையில் பச்சை தடிக்கத் தடிக்கத் தொட்டிக் கல்லில் இருந்த முடிப்பாசி வெளுத்துத் தானாக விட்டது, மிச்சத்தைக் கையால் பிடுங்கினேன். தண்ணீர் போகிற வழியில் பில்டர் பஞ்சு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அழுக்கான பஞ்சை அப்படியே விட்டால் அதுவே அழுக்குக் கிடங்காகிவிடும், அடிக்கடி அலசி மாற்ற வேண்டும். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகக் கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். மழைக்காலத்தில் கடல் தண்ணீரில் உப்பு இறங்கிவிடும், அதனால் உப்பு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்று. உன் மெஷின் கெட்ட மெஷின் என்று நான் சொல்லவில்லை, மீன் நிறைய வளர்க்கிறவர்களுக்கு வேண்டியிருக்கலாம். இரண்டு மீனுக்கு இது போதும். பின்பக்கக் கண்ணாடியில் இன்னும் பச்சை இருக்கிறது, பாசி தின்னும் நத்தைகளுக்கு என்று விட்டிருக்கிறேன். முன்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. வாரா வாரம் வலையைச் சுரண்டுவது அப்பா வேலை, கரண்டியை இப்போது வலது கையில் பிடிக்கப் பார்க்கிறார். நழுவும், இடது கைக்கு மாற்றுவார்.

இளங்கோ, நீ மசாஜ் மெஷின் அனுப்பினாய், பெரிய டிவி அனுப்பினாய், சத்துப் பவுடர் டின்கள் அனுப்பினாய், இப்போது இது. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது என்று எனக்குப் புரிகிறது. பக்கத்திலேயே இருந்த எங்கள் கையே சும்மா இருக்கவில்லையே. இங்கே இருந்து பார்த்துக்கொள்ளாமல் போய்விட்டோம் என்று நீ உள்ளுக்குள் வருந்துவதும் தெரியும். வேண்டாம் கண்ணு. நீ வேலைக்குப் போனது அவர் விருப்பம், உன்னை விமானம் ஏற்றிவிட்டு வேனில் திரும்பும்போது வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வந்தார். நாளைக்கு நீயும் பிரியாவும் ஒரு வீட்டில் இருக்கப் போகிறீர்கள். அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தால் கடைக்கு ஓடாதே. முதலில் அவளைக் கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. நான் கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அதைக் கற்றுக்கொள்கிறேன், நீ முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா "எ... எப்..." என்று ஆரம்பித்தார். நீ சட்டென்று, "எப்டி இருக்கன்னு கேக்குறியாப்பா? சூப்பரா இருக்கேன்பா, சாப்ட்டேன், நீ ஒடம்ப பாத்துக்கோ" என்றாய். பாசமாகத்தான் சொன்னாய். அப்பா சிரித்து, தலையை ஆட்டினார். நீ மண்டபத்தைப் பற்றி, பத்திரிகை அடிப்பதைப் பற்றி என்னிடம் பேசிவிட்டு வைத்துவிட்டாய். நான் போனை எடுக்கப் போனேன், அப்பா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அணைந்துபோன போனைப் பார்த்தபடியே வாயைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் நின்றேன். அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது, அப்போதும் நின்றேன். கடைசியில் வந்தது.

"எப்ப வர்ற?"

நீ எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லவில்லை. அவர் கேட்டது உன்னை. இதைப் படித்து முடித்ததும் கூப்பிட்டு, அவரிடம் சொல்.

அம்மா